பத்து மணிக்காரன்

வெள்ளிக்கிழமை காலை ஒன்பது மணி நாற்பது நிமிடம். இந்த நேரத்தை நினைவிலிருந்து சொல்லவில்லை; என் கைபேசி இன்றுவரை அதை வைத்திருக்கிறது. அலுவலக மேசையில் விண்ணப்பக் கட்டின்மேல் கவிழ்த்து வைத்திருந்த கைபேசி அதிர்ந்தது. திருப்பிப் பார்த்தேன். உபதேசியாரம்மாவின் எண். இரண்டு முறை ஒலித்து அடங்கிவிடும் என்று காத்திருந்தேன். அடங்கவில்லை. மூன்று, நான்கு, ஐந்து என்று ஒலித்துக்கொண்டே போயிற்று. வருமானச் சான்றுக்காக எதிரே நின்றிருந்த பெரியவர், "எடு சார், இன்னா அவசரமோ, நான் நிக்கிறேன்" என்றார். "இந்த போனை எடுக்கக் கூடாது பெரியவரே, அதான் சட்டம்" என்று சொல்லிச் சிரித்துக்கொண்டே துண்டித்தேன். ஒன்பது நாற்பத்தொன்றுக்கு மறுபடியும். துண்டித்தேன். ஒன்பது நாற்பத்து நான்குக்கு மூன்றாவது முறை. அதையும் துண்டித்து, கைபேசியைக் கவிழ்த்து வைத்துவிட்டு, பெரியவரின் குடும்ப அட்டை எண்ணைச் சரிபார்க்கத் தொடங்கினேன். அவருக்குச் சான்று உரிய நேரத்தில் கிடைத்தது.

எடுக்கக் கூடாது என்பது எங்கள் சபையின் வழக்கம். ஜவ்வாது மலைமேல், ஜமுனாமரத்தூரிலிருந்து இரண்டு கிலோமீட்டர் தள்ளி, தகரக் கூரை போட்ட சின்னக் கோயில் எங்களுடையது. மொத்தம் பன்னிரண்டு குடும்பங்கள். ஆயர் கீழேயிருந்து மாதம் ஒரு முறை வருவார். மற்ற ஞாயிறுகளில் உபதேசியார் ஆராதனை நடத்துவார். உபதேசியார் இறந்தபின், அடுத்தவர் வரும்வரை அவர் மனைவி அந்த வீட்டிலேயே இருக்கட்டும் என்று விட்டுவைத்தார்கள். அடுத்தவர் வரவில்லை. அம்மாதான் கோயிலைத் திறந்தார், பூட்டினார், பாய் விரித்தார், யார் வரவில்லை என்று பார்த்து, பிற்பகலில் அவர்கள் வீட்டு வாசலில் போய் நின்றார். நோய்த்தொற்றுக் காலத்தில் கோயில் மாதக்கணக்கில் பூட்டிக் கிடந்தபோது, பன்னிரண்டு வீடும் பன்னிரண்டு திசையாகப் போய்விடும் என்று அவருக்குப் பயம் வந்தது. அப்போதுதான் அந்தச் சங்கிலியை ஆரம்பித்தார். வெள்ளிக்கிழமைகளில் காலை ஆறிலிருந்து மாலை ஆறு வரை பன்னிரண்டு மணிநேரம். வீட்டுக்கு ஒரு மணிநேரம் ஜெபம். நேரம் முடிந்ததும் அடுத்த வீட்டுக்கு ஒரு மிஸ்டு கால். இரண்டு முறை ஒலித்ததும் வைத்துவிட வேண்டும். அதற்குப் பொருள்: நான் முடித்தேன், நீங்கள் தொடங்குங்கள். யாரும் எடுத்துப் பேசக் கூடாது. "எடுத்தா பேச்சு வளரும். பேச்சு வளந்தா ஜெபம் இளைச்சுப் பூடும்" என்பார் அம்மா.

இன்னொரு விதியும் இருந்தது. உங்கள் நேரம் வந்து பத்து நிமிடமாகியும் மிஸ்டு கால் வரவில்லையென்றால், கையிலிருக்கும் வேலையைப் போட்டுவிட்டு, உங்களுக்கு முந்திய வீட்டுக்கு நேரில் போய்ப் பார்க்க வேண்டும். சத்துணவுக்கூடத்தில் வேலை செய்யும் ஓர் அக்கா சர்க்கரை குறைந்து சமையலறையில் மயங்கிக் கிடந்தபோது இந்த விதிதான் அவரைக் காப்பாற்றியது. அவருக்கு எட்டு மணி. ஒன்பது மணிக்கு அழைப்பு வராததால் உபதேசியாரம்மா வேகவேகமாகப் போய்க் கதவைத் தள்ளினார். அதன்பின் நாங்கள் ஒருவரையொருவர் நேரத்தால்தான் அழைத்தோம். அவர் எட்டு மணி அக்கா. உபதேசியாரம்மா ஒன்பது மணி. எனக்கு அடுத்தவர், கலசப்பாக்கத்திலிருந்து வந்து மலையில் கடை வைத்திருந்த தையல்காரர். பதினோரு மணி டெய்லர். நான் பத்து மணிக்காரன்.

நான் நேரம் தவறாதவன் என்று பெயர் வாங்கியிருந்தேன். "ஆபீஸரு மிஸ்டு கால் உட்டாருன்னா என் கடிகாரத்தைத் திருப்பி வெச்சுக்கலாம்" என்று டெய்லர் கோயில் வாசலில் எல்லோர் முன்னிலும் சொல்லிச் சிரிப்பார். பதினோரு மணிக்கு ஒரு நொடி முன்போ பின்போ போகாது. அதற்குக் காரணம் ஒன்றுதான். எனக்கு அந்த ஒரு மணிநேரத்தில் செய்வதற்கு ஒன்றுமில்லை, கடிகாரத்தைப் பார்ப்பதைத் தவிர.

என் மனைவி எட்டு மாதம் நோயில் கிடந்தாள். அந்த எட்டு மாதமும் சங்கிலியின் பன்னிரண்டு வீடும் அவளுக்காகத்தான் முழங்காலில் நின்றன. நானும் அலுவலகத்தின் பழைய கோப்பறையில், தூசியில் மண்டியிட்டு அழுதிருக்கிறேன். அவள் போய்விட்டாள். அடக்கம் முடிந்த அடுத்த வெள்ளிக்கிழமை பத்து மணிக்கு உபதேசியாரம்மாவின் மிஸ்டு கால் வந்தது. கோப்பறைக்குப் போனேன். நின்றேன். சொல்ல ஒரு வார்த்தையும் வரவில்லை. பதினோரு மணிக்கு டெய்லருக்கு மிஸ்டு கால் கொடுத்தேன். அடுத்த வாரம் கோப்பறைக்கும் போகவில்லை. விலகிக்கொள்கிறேன் என்று சொல்லியிருக்கலாம். சொன்னால் காரணம் கேட்பார்கள், அம்மா வாசலில் வந்து நிற்பார். அதைவிட மிஸ்டு கால் கொடுப்பது எளிதாக இருந்தது. இப்படி இரண்டு வருடம். பன்னிரண்டு கண்ணியில் ஒரு கண்ணி வெறும் காகிதம் என்று யாருக்கும் தெரியாது. கிறிஸ்துவோடு எனக்கிருந்த உறவு அந்த இரண்டு வருடமும் வெள்ளிக்கிழமை தோறும் இரண்டு ஒலிக்குச் சுருங்கிப்போயிருந்தது. அதிலும் நான் பேசவில்லை. என் கைபேசிதான் பேசியது.

மகளைப் பற்றிச் சொல்ல வேண்டும். எங்களுக்கு ஒரே பெண். அப்போது பன்னிரண்டாம் வகுப்பு. அம்மாவை இழந்த பெண்ணை எப்படி வளர்ப்பது என்று எனக்குத் தெரியவில்லை. பரீட்சைக்குத் தயார் செய்வது மட்டும் தெரிந்தது. கால அட்டவணை எழுதிச் சுவரில் ஒட்டினேன். அவளுடைய கைபேசியை வாங்கி என் பீரோவில் வைத்துப் பூட்டினேன். அவள் சாப்பிடுவது குறைந்ததையும், தலை பின்னுவதை விட்டுவிட்டு வெறுமனே முடிந்துகொண்டு பள்ளிக்குப் போவதையும் பார்த்தேன். பார்த்தும் அதற்கு ஒரு பெயர் வைக்கவில்லை. வியாழக்கிழமை மாலை மாதிரித் தேர்வின் மதிப்பெண்ணைக் காட்டினாள். நான் கத்தவில்லை. கத்தியிருந்தால்கூடத் தேவலை. தாளை மடித்து அவள் கையில் கொடுத்து, "இதைப் பாக்க உங்கம்மா இல்லாம போனதே நல்லது" என்றேன். தாளை வாங்கிக்கொண்டு உள்ளே போனாள். காலையில் சீருடையோடு புறப்பட்டபோது வாசலில் நின்று ஒரு தரம் திரும்பிப் பார்த்தாள். அட்டவணையைப் பார்க்கிறாள் என்று நினைத்தேன்.

அந்த வெள்ளிக்கிழமை பத்து மணிக்கு வர வேண்டிய மிஸ்டு கால் வரவில்லை. விதிப்படி பத்து பத்துக்கு நான் எழுந்து உபதேசியாரம்மாவின் வீட்டுக்குப் போயிருக்க வேண்டும். போகவில்லை. அவருடையது பழைய பொத்தான் போன், இடுப்பில் செருகிக்கொள்வார், தானாகவே யாருக்காவது அழைப்புப் போய்விடுவது வழக்கம். அதுபோல ஏதோ முன்கூட்டியே அழுத்திவிட்டார், அதையே பத்து மணிக்கானதாக வைத்துக்கொள்ளலாம் என்று நானே முடிவு செய்தேன். பதினோரு மணிக்கு, நொடி பிசகாமல், டெய்லருக்கு இரண்டு ஒலி. டெய்லர் கடையின் பின்பக்கம் போய் மண்டியிட்டிருப்பார். சங்கிலி எங்கும் அறுபடவில்லை என்று அதன்பின் வந்த எல்லா வீடும் நம்பியது. நான் அந்த மிஸ்டு காலைக் கொடுக்காமல் இருந்திருந்தால், பதினொன்று பத்துக்கு டெய்லர் என் அலுவலகத்தில் வந்து நின்றிருப்பார். "இன்னா சாரே, உசுரோட கீறியா?" என்று கேட்டிருப்பார். எல்லாம் அப்போதே வெளிப்பட்டிருக்கும். என் சோம்பல்கூட யாருக்கும் கெடுதல் செய்திருக்காது. என் ஒழுங்குதான் செய்தது.

பன்னிரண்டு நாற்பதுக்கு மகளின் வகுப்பாசிரியை ஒரு கையெழுத்துக்காக அலுவலகம் வந்தார். போகிற போக்கில், "பாப்பாவுக்கு இன்னா சார் உடம்பு? காலையிலேர்ந்து வரலியே" என்றார். நாற்காலியிலிருந்து எழுந்தது நினைவிருக்கிறது. மகளை அழைக்க நினைத்தேன். அவள் கைபேசி என் பீரோவில். அப்போதுதான் அந்த மூன்று அழைப்புகள் என் கண்ணில் பட்டன. உபதேசியாரம்மாவின் எண்ணை அழைத்தேன். தொடர்பு எல்லைக்கு வெளியே என்று ஒரு பெண் குரல் நிதானமாகச் சொன்னது. வண்டியை எடுத்துக்கொண்டு கோயிலுக்குப் போனேன். பள்ளிக்குப் போகும் வழியில்தான் கோயிலும் அம்மாவின் வீடும்.

வீட்டுக் கதவு சாத்தி, நாதாங்கி மட்டும் போட்டிருந்தது. வாசலில், ஜெபித்துக்கொண்டே அம்மா புடைக்கும் சாமை முறத்தில் பாதியில் கிடந்தது. கோழிகள் அதைக் கிளறிக்கொண்டிருந்தன. அம்மா சாமையைக் கோழிக்கு விட்டுவிட்டுப் போகிறவர் அல்லர். அடுத்த கொல்லையில் கதிர் அடித்துக்கொண்டிருந்த விவசாயி என்னைப் பார்த்ததும் கோலைக் கீழே போட்டுவிட்டு வந்தார். அவர் எங்கள் சபைக்காரர் இல்லை. மலைக்காரர், தலைமுறையாக அந்த நிலத்தில் இருப்பவர்.

"சர்ச்சம்மா உன் பொண்ணு பின்னாலேயே பூட்டாங்க சார். காலையிலேயே."

"எங்க போனாங்க?"

"உன் பொண்ணு பையை கோயில் கேட்டுல மாட்டிட்டு மேட்டுப் பாதையில போச்சு. இஸ்கோலு அந்தாண்ட, இது இந்தாண்ட போவுதேன்னு அம்மா கூப்ட்டாங்க. திரும்பல. போன்மேல போனு போட்டாங்க யாருக்கோ. எடுக்கலியே, எடுக்கலியேன்னு சொல்லிக்கினே நடந்தாங்க. கொடைகூட எடுத்துக்கல."

யாருக்கோ. அவர் என் முகத்தைப் பார்த்துச் சொன்னாரா, வேறெங்கோ பார்த்தாரா என்று தெரியவில்லை. பார்க்கும் தைரியம் எனக்கில்லை. கோயில் கேட்டில் அவள் புத்தகப் பை தொங்கிக்கொண்டிருந்தது. அதன் ஓரப் பையில், நான் மடித்துக் கொடுத்த அந்தத் தாள்.

விவசாயி கயிறு எடுத்துக்கொண்டு பின்னால் வருவதாகச் சொல்லி வீட்டுக்கு ஓடினார். நான் டெய்லரை அழைத்தேன். கழுத்தில் அளவு நாடாவோடு வந்து சேர்ந்தார். வரும்போதே எட்டு மணி அக்காவுக்குச் சொல்லி, எல்லா வீட்டுக்கும் தகவல் போகும்படி செய்திருந்தார். இருவரும் மேட்டுப் பாதையில் ஏறினோம். இருபது நிமிட ஏற்றத்தில் ஒரு பெரிய பாறை. அங்கே பாதை இரண்டாகப் பிரியும். இடப்பக்கம் மாடு மேயும் சரிவு; அங்கே கைபேசிக்குச் சிக்னல் உண்டு. வலப்பக்கம் கானாற்றுக்கு இறங்கும் பள்ளம். அங்கே ஒரு கோடுகூடக் கிடையாது. டெய்லர் பாறையடியில் நின்று மூச்சு வாங்கினார்.

"பத்து மணிக்கு அம்மா உனுக்கு மிஸ்டு கால் குடுத்தாங்க இல்ல?"

"குடுத்தாங்க" என்றேன்.

அந்த ஒரு சொல் எப்படி வந்தது என்று பல நூறு முறை யோசித்திருக்கிறேன். என் பெண் எங்கோ காட்டில். நானோ என் மானத்தைக் காத்துக்கொண்டிருந்தேன். கொடுக்கவில்லை என்று சொன்னால், பின் ஏன் நீ எனக்குப் பதினொன்றுக்குக் கொடுத்தாய் என்று கேட்பார். அதற்குப் பதில் சொன்னால் அந்த இரண்டு வருடத்தையும் சொல்ல வேண்டும். ஒரு கணத்தில் இவ்வளவும் ஓடி, நாக்கு தானாகவே பழைய பொய்யின் பக்கம் சாய்ந்தது. அது பெரிய பொய் இல்லை என்றும் நினைத்தேன்.

டெய்லர் முகம் தெளிந்தது. "அப்ப கவலப்படாத. பத்துக்கு சிக்னல் இருந்திச்சின்னா இந்தாண்ட சரிவுலதான் கீறாங்க. பள்ளத்துல எறங்கியிருந்தா போன் போயிருக்காது. வா" என்று இடப்பக்கம் திரும்பினார்.

நான் அவர் பின்னால் போனேன். இதைத்தான் எழுதக் கை வராமல் இத்தனை நாள் இருந்தேன். போனேன். அவர் பேர் சொல்லிக் கூவினார், நானும் கூவினேன். புதர் புதராக விலக்கிப் பார்த்தோம். மழை தொடங்கியது. முதலில் தூறல், பிறகு மலையையே மறைக்கும் மழை. ஒரு மணிநேரம். ஒவ்வொரு நிமிடமும் சொல்லிவிடு, சொல்லிவிடு என்று உள்ளே ஒன்று அடித்துக்கொண்டது. ஒருவேளை இங்கேயே இருந்தால் சொல்ல வேண்டியதில்லையே என்று இன்னொன்று பதில் சொன்னது. என் மகளின் உயிருக்கும் என் வெட்கத்துக்கும் நடுவே நான் ஒரு மணிநேரம் நடந்தேன். சரிவின் கடைசி மரம் வந்தபோது, டெய்லர் தன் நனைந்த துண்டைப் பிழிந்து என் தலையில் போர்த்திவிட்டார். அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

"அண்ணா, பத்து மணிக்கு அடிக்கல" என்றேன். "ஒன்பது நாப்பதுக்கு அடிச்சாங்க. மூணு வாட்டி. நான் கட் பண்ணிட்டேன். பத்துக்கு வரல. நான் போய்ப் பாக்கல. உனக்கு சும்மா குடுத்தேன். ஜெபம் பண்ணல. ரெண்டு வருஷமா பண்ணல."

மழை டெய்லரின் புருவத்திலிருந்து ஒழுகியது. என் சட்டையை மார்போடு கொத்தாகப் பிடித்தார். அடிப்பார் என்று நினைத்தேன். அடித்தால் நன்றாக இருக்கும் என்றும் நினைத்தேன். "அடப்பாவி, ஒரு மணிநேரம்டா" என்றார். பிறகு சட்டையை விட்டு, "நட. ஓடு" என்றார்.

பள்ளத்துக்கு இறங்கியபோது மூன்றேகால். காலையில் கணுக்கால் அளவு ஓடியிருக்கக் கூடிய கானாறு, செம்மண் நிறத்தில் கரைக்குக் கரை நிறைந்து போய்க்கொண்டிருந்தது. இரண்டரை மணிக்குக்கூட முழங்காலளவுதான் இருந்தது என்று மாடு ஓட்டி வந்த ஒருவர் சொன்னதாக, எங்களுக்கு முன்பே அங்கே வந்து நின்றிருந்த விவசாயி சொன்னார். மேலே பெய்த மழை அதன்பிறகுதான் இறங்கியதாம். எதிர்க்கரைப் பாறையில் அம்மாவின் ரப்பர் செருப்பு ஒன்று செருகிக் கிடந்தது. ஒற்றைச் செருப்பு. நான் தண்ணீரில் இறங்கினேன். டெய்லரும் விவசாயியும் இடுப்பைப் பிடித்துப் பின்னால் இழுத்துப் போட்டார்கள். "நீ போய்ச் சேந்துட்டா அந்தப் பொண்ணுக்கு யாரு கீறா?" என்று விவசாயி என்னை அதட்டினார். மேலே அரை மைலில் ஆறு இரண்டு பாறைகளுக்கிடையே ஒடுங்கும் இடம் ஒன்று தெரியும், அங்கே கயிறு கட்டித் தாண்டிப் போகிறேன் என்று, தன் உறவுக்காரர்கள் இருவரைக் கூட்டிக்கொண்டு போனார். தீயணைப்பு வண்டி கொண்டை ஊசி வளைவுகளில் ஏறிக்கொண்டிருப்பதாகச் செய்தி வந்தது.

அதற்குள் பன்னிரண்டு வீடும் கரைக்கு வந்துவிட்டிருந்தன. யாரும் என்னை ஒன்றும் கேட்கவில்லை. டெய்லர் யாரிடமும் ஒன்றும் சொல்லவில்லை. அன்றும் சொல்லவில்லை, இன்றுவரையும் சொல்லவில்லை. உரச்சாக்கைத் தலையில் மடித்துப் போட்டுக்கொண்டு சேற்றில் வட்டமாக நின்றார்கள். எட்டு மணி அக்கா என் கையைப் பிடித்துக்கொண்டார். டெய்லர் என் பக்கம் வந்து, எனக்கு மட்டும் கேட்கும்படி, "பத்து மணிக்காரரே, உன் நேரம் இன்னும் முடியல. ஆரம்பி" என்றார்.

நான் வாயைத் திறந்தேன். ஆண்டவரே என்று தொடங்குவார்களே, அதுகூட வரவில்லை. வந்தது என் மகளின் பெயர். அதையே திரும்பத் திரும்பச் சொன்னேன். முன்பெல்லாம் எவ்வளவு அழகாக ஜெபிப்பேன் என்று சபையில் சொல்வார்கள். அன்று எனக்கிருந்தது ஒரே ஒரு பெயர்ச்சொல். நான் நிறுத்தியபோது அக்கா அதை எடுத்துக்கொண்டார். அவர் முடித்ததும் அடுத்தவர். மழைச் சத்தத்தில் பாதி காதில் விழவில்லை. அது சுற்றி வந்து மறுபடி என்னிடம் நின்றது. மறுபடி நான் அந்தப் பெயரைச் சொன்னேன். எனக்கு ஆறுதல் வந்தது என்று பொய் சொல்ல மாட்டேன். ஆனால் கீழே விழாமல் நின்றேன். இருபுறமும் ஆள் நின்றதால் விழ இடமில்லை. கோப்பறையில் எனக்குக் கிடைக்காமல் போய், இரண்டு வருடம் நான் தேடாமலே விட்டிருந்த கிறிஸ்து, அந்தச் சேற்றில் என் கையை இறுகப் பிடித்திருந்த ஈரக் கைகளில் இருந்தார் என்று இன்று சொல்ல முடிகிறது. அன்று அதுவும் தெரியவில்லை. கை வலித்தது, அவ்வளவுதான் தெரிந்தது.

அக்கரையில் அந்த நாள் எப்படிக் கழிந்தது என்பதை மகள் பின்னால் கொஞ்சம் கொஞ்சமாகச் சொன்னாள். எங்கேயாவது போய்விட வேண்டும், திரும்பக் கூடாது என்று மட்டும்தான் அவளுக்கு இருந்ததாம். எங்கே, எதற்கு என்று நான் இன்றுவரை கேட்கவில்லை. அவள் சொல்லும் நாளுக்குக் காத்திருக்கிறேன். கானாற்றைத் தாண்டிய பிறகு பின்னால் ஒரு சத்தம். துரத்தி வந்த உபதேசியாரம்மா பாறையில் வழுக்கி விழுந்து கிடந்தார். இடுப்பு முறிந்துவிட்டது. ஓட வந்த பெண், ஓட முடியாமல் போனாள். அம்மாவை இழுத்து ஒரு பாறைக் குடைவுக்குக் கீழே சேர்த்தாள். அம்மா தன் கம்பளிச் சட்டையைக் கழற்றி அவளுக்குப் போட்டார். புத்திமதி ஒன்றும் சொல்லவில்லையாம். ஏன் வந்தாய் என்றும் கேட்கவில்லையாம். மணியை மட்டும் எண்ணினாராம். வெளிச்சத்தைப் பார்த்து, "இப்ப பதினொன்னு. டெய்லரு மொழங்கால் போட்டுக்கினே தூங்கி வழிவான், அவனுக்கும் சேத்து நீ முழிச்சுக்க" என்பாராம். "இப்ப பன்னெண்டு" என்று அடுத்தவர். அடுத்தது இன்னொருவர். வலி பொறுக்காமல் உதடு கடித்துக்கொண்டு, ஒவ்வொரு வீட்டையும் அதன் நேரத்தில் பெயர் சொல்லிக் கூப்பிட்டாராம். சிக்னல் இல்லாத அந்தப் பள்ளத்தில் சங்கிலி அறுபடாமல் அவரிடம் இருந்தது. சிக்னலோடு மேசைமுன் உட்கார்ந்திருந்த என்னிடம்தான் அது அறுந்திருந்தது.

உபதேசியாரம்மா இப்போது இல்லை. இடுப்புக்கு வேலூரில் அறுவைச் சிகிச்சை நடந்தது. ஆனால் அன்று மழையில் நனைந்து கிடந்ததில் மார்பில் சளி கட்டி, இரண்டு மாதத்தில் போய்விட்டார். நான் வீணடித்த அந்த ஒரு மணிநேரமும் அந்த மழைக்கணக்கில் இருக்கிறது. மருத்துவமனையில் ஆறு முறை போய்ப் பார்த்தேன். ஒவ்வொரு முறையும் சொல்லிவிட வேண்டும் என்றுதான் போனேன். ஒவ்வொரு முறையும் அவர், "தம்பி சாப்ட்டியா?" என்று கேட்டார். சொல்லாமலே திரும்பினேன்.

மகள் இப்போது சமவெளியில் நர்சிங் படிக்கிறாள். ஒன்பது மணியை அவள் எடுத்துக்கொண்டாள். எங்கள் சங்கிலியில் இப்போது மிஸ்டு கால் கிடையாது. எடுக்க வேண்டும், ஒரு வார்த்தையாவது பேச வேண்டும் என்று மாற்றிக்கொண்டோம். வெள்ளிக்கிழமை பத்து மணிக்கு விடுதியிலிருந்து அவள் அழைக்கிறாள். ஒன்பது நாற்பதிலிருந்தே நான் கைபேசியைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். முதல் ஒலியிலேயே எடுத்துவிடுகிறேன். "இன்னாப்பா, போன் மேலேயே படுத்துக்கினு இருக்கியா?" என்று சிரிக்கிறாள். பிறகு நான் கோப்பறைக்குப் போகிறேன். சில வாரம் வார்த்தை வருகிறது. பல வாரம் அந்த ஒரு பெயரோடு சரி. ஆனால் மண்டியிடுகிறேன். அன்று மாலை கானாற்றுக் கரையில் அவள் என்னை ஒரு கேள்வி கேட்டாள். ஆமென்று தலையை ஆட்டினேன். டெய்லர் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். அந்தத் தலையாட்டலைத் திரும்பப் பெற்றுக்கொள்ளத்தான் இதை எழுதுகிறேன். எழுதியதை முதலில் அவளிடம் கொடுப்பேன்.

அன்று மாலை ஐந்தரை இருக்கும். மழை விட்டிருந்தது. வெளிச்சம் குறையத் தொடங்கியிருந்தது. ஆற்றின் மேற்பக்கத்திலிருந்து ஆட்கள் பேசும் சத்தம் கேட்டது. விவசாயியும் அவர் உறவுக்காரர்களும் கம்பில் போர்வை கட்டி டோலியாக்கி, அதில் உபதேசியாரம்மாவைச் சுமந்து வந்தார்கள். அவர்களுக்கு முன்னால், முழங்கால் வரை சேறும், இடுப்பு தாண்டித் தொங்கும் அம்மாவின் கம்பளிச் சட்டையுமாக, என் மகள். நான் ஓடவில்லை. அவளே வந்தாள். என் முன்னால் நின்று, கையை நீட்டினாள். அதில் அம்மாவின் பொத்தான் போன், ஈரம் சொட்ட, உயிரில்லாமல்.

"அப்பா, நாள் பூரா அம்மா உன்னைத் திட்டவே இல்லப்பா" என்றாள். "போன் எடுக்கலேன்னுகூட கோவிச்சுக்கல. அங்க விழுந்து கெடந்தப்ப ஒண்ணே ஒண்ணுதான் கேட்டாங்க. 'பத்து மணி ஆயிடிச்சே, நான் மிஸ்டு கால் குடுக்கலியே, உங்கப்பா அவரு நேரத்த எடுத்திருப்பாரில்ல?'ன்னு. எங்கப்பா டைம்னா டைம், கண்டிப்பா எடுத்திருப்பாருன்னு சொன்னேன். அதுக்கப்புறம்தான் அம்மா அழுவறத நிறுத்தினாங்க. எடுத்தல்லப்பா?"